மூன்றாம் கட்டடத்தில் புகார் இல்லை

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டது நான்தான். மற்றவர்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அவற்றில் எது தவறு, எது விதி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பல்கலைக்கழகத்தின் பராமரிப்புப் பிரிவில் புகார்களைப் பதிவு செய்வது என் வேலை. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலரை வரை கணினி முன்னால் இருப்பேன். ஐந்தரைக்கு அதே வளாகத்தில் மாலை நேர வகுப்பு. புள்ளியியல், இரண்டாம் ஆண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு மணி நேரத்தில் அன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் நடந்ததா, நான் நினைத்துக்கொண்டதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

வளாகத்தில் ஆறு கட்டடங்கள். கட்டடத்துக்கு ஒரு பிளம்பர். போன ஆண்டு வரை புகார்கள் ஒரு நீள நோட்டில் இருந்தன. யாராவது வந்து "தண்ணி வரல" என்பார்கள், நான் எழுதுவேன், பிளம்பர் போவார், தண்ணீர் வரும், நான் அடித்துவிடுவேன். இதில் தரம் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் மேலிடத்தில் யாரோ கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. எனவே தர மேலாண்மைப் பிரிவு வந்தது.

பதினோரு பேர். அவர்கள் உட்கார இடம் வேண்டுமே? பிளம்பர்களின் ஸ்டோர் ரூமைக் கொடுத்தார்கள். அங்கிருந்த பைப், வாஷர், ரென்ச் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே போயின. ஸ்டோர் ரூமுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, "தரம் நம் ஒவ்வொருவரின் மூச்சு" என்று ஒட்டினார்கள். அந்தக் கதவின் கைப்பிடி இரண்டாவது வாரமே கழன்றது. கைப்பிடியை மாட்டும் தச்சருக்கு அதற்கான செயல்முறை ஆவணம் இன்னும் தயாராகாததால், ஆவணம் தயாரிப்பவர்கள் அன்றிலிருந்து தோளால் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிளம்பருக்கும் மதிப்பெண் போட வேண்டும் என்றார்கள். கணக்கு எளிது. தீர்த்த புகாரை வந்த புகாரால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நான் ஒன்றாம் கட்டடத்தில் ஆரம்பித்தேன். வந்தது நாற்பது, தீர்ந்தது முப்பத்தாறு, தொண்ணூறு சதவீதம். இரண்டாம் கட்டடமும் அப்படியே போயிற்று. மூன்றாம் கட்டடத்தில் வந்தது பூஜ்யம், தீர்ந்தது பூஜ்யம்.

அங்கே பிளம்பராக இருப்பவரை எல்லோரும் வாஷர் அண்ணன் என்பார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர் இருக்கும். காலையில் வந்ததும் மூன்று மாடியிலும் உள்ள நாற்பத்தெட்டுக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். திருகும்போது கைக்கு ஏதாவது உறுத்தினால் அங்கேயே வாஷரை மாற்றிவிடுவார். அங்கிருந்து கடைசியாகப் புகார் வந்து பதினாலு மாதம் ஆகிறது. அதுவும் யாரோ மோதிரத்தைத் தொட்டிக்குள் விட்டது.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்? மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன். 'எண் தேவை' என்று சிவப்பாக வந்தது. கோடு போட்டேன், அதே சிவப்பு. அன்று மாலை வகுப்பில் பேராசிரியரிடம் கேட்டேன்.

"பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா விடை கிடையாதும்மா."

"ஆனா கட்டம் கேக்குது சார்."

"கட்டத்துக்குக் கணக்குத் தெரியாது."

மறுநாள்தான் மதிப்பெண் அனுப்பக் கடைசி நாள். நான் பூஜ்யம் போட்டேன். நூறு போட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் எந்த ஆதாரத்தில் நூறு? பூஜ்யத்துக்காவது இரண்டு பக்கமும் பூஜ்யம் இருந்தது.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. வாஷர் அண்ணன் அதை என் மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது? என் திறமை பூஜ்யம்னு போட்டிருக்கு. முப்பதாம் தேதிக்குள்ள மதிப்பெண் ஏறலைன்னா ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாங்களாம். ஒண்ணாந்தேதியிலருந்து வராதேங்கிறான்."

"அண்ணே, அந்தப் பூஜ்யத்தைப் போட்டது நான்தான்."

அவர் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "ஏம்மா, நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணுமே பண்ணலை அண்ணே. அதான் பிரச்சினை."

இந்தப் பதில் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றைய பக்கத்தில் மூன்று வரி எழுதி, மூன்றையும் அடித்திருக்கிறேன்.

தவறு என்னுடையது என்பதால் அவரை அழைத்துக்கொண்டு தர இயக்குநரிடம் போனேன். கதவைத் தோளால் தள்ளினோம். இயக்குநர் இனிமையானவர். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, பேசும்போது தான் மட்டும் எழுந்து நிற்பார்.

"பாருங்க, தரம்னா கண்ணுக்குத் தெரியணும். ஒழுகாத குழாய் யார் கண்ணுக்காவது தெரியுதா? ஒழுகினாத்தான் அங்க ஒரு குழாய் இருக்குன்னே மனுஷனுக்கு ஞாபகம் வருது. ஒரு கட்டடத்துலருந்து புகாரே வரலைன்னா அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லை."

"ஒண்ணும் நடக்கல சார். தண்ணி வருது, அவ்வளவுதான்," என்றார் வாஷர் அண்ணன்.

"அதுக்கு ஆதாரம்?"

"திறந்து பாருங்க சார்."

இயக்குநர் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "எல்லாரும் போய்த் திறந்து பார்த்துக்கிட்டிருந்தா அப்புறம் நாங்க எதுக்கும்மா?"

பிறகு ஐந்தாம் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார். அங்கிருக்கும் பிளம்பருக்கு 'ஸ்டார்' என்று பட்டம். ஆண்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார். முந்நூற்று ஒன்பது தீர்வு. என் மாலை வகுப்பு அங்கேதான் என்பதால் அந்தச் சாதனையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் மாடி வராந்தாவில் ஒரு குழாய் இணைப்பு சொட்டுகிறது. முதல் புகார் வந்ததும் ஸ்டார் அதன் கீழே ஒரு வாளியை வைத்தார்; புகார் தீர்ந்தது. மறுநாள் வாளி நிரம்பிவிட்டதாகப் புகார், கொட்டினார், தீர்ந்தது. அடுத்தது, வாளி வழியை மறிப்பதாகப் புகார், இரண்டடி நகர்த்தினார், தீர்ந்தது. உடனே தரையில் சொட்டுவதாகப் புகார். இப்படி ஒரே சொட்டிலிருந்து மாதம் இருபது புகாருக்குக் குறையாமல் வந்தது. தர மேலாண்மைப் பிரிவு அந்த வாளிக்குச் சொத்து எண் கொடுத்து, அளவுக்கோடு வரைந்து, காலை மாலை நீர்மட்டம் குறிக்க ஒரு படிவத்தைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறது. படிவம் நனையாமலிருக்க அதற்கு மேலே ஒரு சிறிய கூரையும் உண்டு.

நாங்கள் அங்கே போய் நின்றதும் வாஷர் அண்ணன் அண்ணாந்து இணைப்பைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"அண்ணே, அதுல கை வெச்சிடாதீங்க. எங்க வீட்டு அடுப்பு அதுல எரியுது," என்றார் ஸ்டார்.

இயக்குநர் மேல்முறையீட்டுக்கு வழி சொல்லியிருந்தார். படிவம் பதினேழு. அதன் முதல் கேள்வி: 'நீங்கள் கடைசியாகத் தீர்த்த புகாரின் எண் என்ன?' அதை நிரப்பாமல் இரண்டாம் கேள்வி திறக்காது. அதனால் நேரில் விசாரணை வைத்தார்கள். ஒரு குறைக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்டால் அதன் வேர் தெரிந்துவிடுமாம். பதினோரு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குறிப்பெடுக்க என்னை வைத்துக்கொண்டார்கள். குறிப்பு அப்படியே என்னிடம் இருக்கிறது.

"மூன்றாம் கட்டடத்தில் ஏன் புகார் இல்லை?"

"எதுவும் ஒழுகல சார்."

"ஏன் ஒழுகவில்லை?"

"வாஷர் நல்லா இருக்கு."

"ஏன் நன்றாக இருக்கிறது?"

"நான் மாத்திடறேன்."

"ஏன் மாற்றுகிறீர்கள்?"

"மாத்தலைன்னா ஒழுகும்ல?"

"ஏன் ஒழுகும்?"

"ரப்பர் சார். தேயும்."

ஐந்து முடிந்துவிட்டது. பதினோரு பேரும் தலையாட்டினார்கள். பேனாக்கள் மூடப்பட்டன. வேர்க்காரணம்: ரப்பர். பரிந்துரை: ரப்பரின் மனப்பாங்கு குறித்து அரைநாள் பயிற்சி. மதிப்பெண் அதே பூஜ்யம்.

வெளியே வரும்போது இயக்குநர் அண்ணனின் தோளில் கை வைத்தார். "ஒரே ஒரு புகார் போதும். ஒண்ணே ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு புகார்கூடக் கொண்டுவர முடியலைன்னா நீங்க என்னதான் வேலை பார்க்கறீங்க?"

அன்று தேதி இருபத்து நாலு.

நான் ஒரு திட்டம் சொன்னேன். "ஒரு குழாயை லேசாத் தளர்த்தி விட்டுடுங்க அண்ணே. யாராவது புகார் குடுப்பாங்க. நீங்க போய் இறுக்கிடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு, நூறு."

"தெரிஞ்சே ஒழுக விடச் சொல்றியா?"

"பத்து சொட்டு அண்ணே."

சம்மதித்தார். இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு முதல் மாடி நாலாவது குழாயைத் தளர்த்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் நாற்காலியின் விளிம்பில். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கிட்டீங்களா?"

"மனசு கேக்கலம்மா."

மறுநாள் தளர்த்தியதும் அவரை வளாகத்துக்கு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போய் ஒரு மணி நேரம் பிடித்து வைத்தேன். தேநீர் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் பாத்திரம் கழுவும் குழாயை அவர் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்தேன். திரும்பி வந்தபோது கட்டட வாசலில் வரலாற்றுத் துறைப் பேராசிரியையும் நூலகரும் இன்னும் நாலு பேரும் கவலையோடு நின்றிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புகார் எண்ணை எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"நாலாவது குழாய் சொட்டுதே, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று அண்ணனிடம் கேட்டார் பேராசிரியை. "காய்ச்சலா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"புகார் குடுக்கலையா மேடம்?" என்றேன் நான்.

"புகாரா? உடம்பு சரியில்லாத மனுஷன் மேலயா? என்னம்மா பேசற நீ!"

நூலகர் துணியைச் சுற்றிச் சொட்டை நிறுத்தியே விட்டிருந்தார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அக்கா கைபேசிக் கடையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்டுவிட்டு வருபவளுக்கு என் புகாரைக் கேட்கப் பொறுமை கிடையாது. நான் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். பூஜ்யம், படிவம் பதினேழு, ரப்பர், துணி.

"நிறுத்துடி," என்றாள். "இப்ப உனக்கு என்ன குறை?"

"அந்தக் கட்டடத்துல புகாரே இல்லக்கா. அதான் குறை."

"அப்ப அதையே புகாராக் குடு. என்னைச் சாப்பிட விடு."

அவள் எரிச்சலில் சொன்னதுதான். நான் கையிலெடுத்த கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தேழாம் தேதி காலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் புதுப் புகாரைத் திறந்தேன். இடம்: மூன்றாம் கட்டடம். வகை: மற்றவை. குறையின் விவரம்: இக்கட்டடத்திலிருந்து புகார் எதுவும் பதிவாவதில்லை. அனுப்பினேன். கணினி ஒரு கணம் சுற்றியது. எண் மூன்று-பூஜ்யம்-பூஜ்யம்-ஒன்று என்று பச்சையாக வந்தது. உடனே அடுத்த கேள்வி: 'குறை இன்னும் நீடிக்கிறதா?'

இந்த இடத்தில் நான் அவசரப்படவில்லை. குறை, புகார் பதிவாகாதது. இப்போது ஒரு புகார் பதிவாகியிருக்கிறது. ஆகவே குறை நீடிக்கவில்லை. தலைகீழாகவும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு 'இல்லை' என்று அழுத்தினேன். வந்தது ஒன்று, தீர்ந்தது ஒன்று, நூறு சதவீதம். எடுத்துக்கொண்ட நேரம் என்ற இடத்தில் கணினி தானாகவே போட்டது: பூஜ்யம் நிமிடம்.

அன்று மாலை பேராசிரியரிடம் மீண்டும் சந்தேகம் கேட்டேன். "ஒண்ணை ஒண்ணால வகுத்தா ஒண்ணு. அதுல சந்தேகமே வேணாம்," என்றார். "மத்ததெல்லாம் என் பாடத்துல வராது."

அதற்கு முன்பே, மதியம், வாஷர் அண்ணன் கையில் புகார் அறிவிப்புத் தாளோடு வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. தன் கட்டடத்தின் பேரில் புகார் வந்திருக்கிறதாமே, யார், எந்தக் குழாய் என்று கேட்டார்.

"நான்தான் அண்ணே. எந்தக் குழாயும் இல்ல." விளக்கினேன். புரிந்ததா என்று தெரியவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து அவரை நான் பார்த்ததில்லை.

"பதினாலு மாசம்மா," என்றார். "வேலை போகும்னு கடுதாசி வந்தப்பக்கூட, சரி, ஒரு புகார் இல்லாமப் போறோம்னு ஒரு இது இருந்துச்சு. அதையும் நீ எழுதிக் கெடுத்துட்ட."

இந்த ஆண்டில் இரண்டாவது முறையாக அவருக்கு நான் தீங்கு செய்திருக்கிறேன். இரண்டும் ஒரே கணினியில்.

"மூடிட்டேன் அண்ணே," என்றேன் மெதுவாக. "வந்ததும் மூடியாச்சு."

"எவ்வளவு நேரத்துல?"

"பூஜ்யம் நிமிஷம்."

தலை நிமிர்ந்தது. "ஸ்டாருக்கு எவ்வளவு?"

"சராசரி நாலு மணி நேரம்."

தாளை நாலாக மடித்து, சட்டைப் பையில் வாஷர்களுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். "நாலு மணி நேரமா! ஒரு வாளிய நகத்தவா?" என்றார். சிரிப்பு நாற்காலியையும் ஆட்டியது.

முப்பதாம் தேதி அரங்கத்தில் தர தின விழா. புகார் தீர்க்க எடுத்துக்கொண்ட நேரத்தை இயக்குநர் திரையில் விளக்கப்படமாகக் காட்டினார். ஐந்து கட்டடங்களுக்கு உயரமான கம்பங்கள் நின்றன. மூன்றாம் கட்டடத்தின் இடம் வெறுமையாக இருந்தது.

"பாருங்க! கம்பமே இல்லை! பூஜ்யம் நிமிஷம்! உலகத்துல எந்தப் பராமரிப்புப் பிரிவும் இதைச் செஞ்சிருக்காது. போன வாரம் வரைக்கும் இந்த மனுஷர் பூஜ்யம். நம்ம அமைப்புதான் இவரை நூறுக்குக் கொண்டுவந்திருக்கு. இதே மூணாம் கட்டடத்துல முன்னாடி தண்ணி வந்துக்கிட்டு மட்டும்தான் இருந்துச்சு. இப்பத் தரம் வருது!"

கைதட்டல். புதுப்பித்த ஒப்பந்தத்தையும் ஒரு கேடயத்தையும் கொடுத்தார். கேடயத்தின் பீடம் ஆடியது. அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் திருகை இறுக்கிவிட்டு வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேரே நீட்டி, இதை எப்படிச் சாதித்தார் என்று சொல்லச் சொன்னார் இயக்குநர்.

"தினம் காலையில எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்பேன் சார்."

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "அது வேலை. நான் கேட்டது செயல்முறை."

அண்ணன் யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும் சார்," என்றார். இன்றுவரை அந்தச் செயல்முறையை எழுதித் தரும்படி எனக்கு நினைவூட்டல் வந்துகொண்டிருக்கிறது.

கீழே இறங்கியதும் ஸ்டார் வழிமறித்தார். "பூஜ்யம் நிமிஷத்துல எப்படிண்ணே போனீங்க? பறந்தா?"

"போகவே இல்லப்பா," என்றார் அண்ணன். பொய் சொல்லத் தெரியாதவர்.

ஒப்பந்தத்தை வீட்டுக்குப் போகும் வழியில்தான் முழுதாகப் படித்தோம். கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை: தரத்தைத் தக்கவைக்க, மாதம் குறைந்தது மூன்று புகார்கள் பெறப்பட வேண்டும், ஒவ்வொன்றும் வெவ்வேறு நபரிடமிருந்து. என் தந்திரம் ஒருமுறைக்கு மேல் செல்லாது. அண்ணன் கேடயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

மறுநாள் நான் மூன்றாம் கட்டடத்துக்குப் போய் ஒவ்வொரு அறையாக விஷயத்தைச் சொன்னேன். புகார் கேட்டு வாசல் வாசலாகப் போன முதல் பதிவு ஊழியர் நானாகத்தான் இருப்பேன். எதுவும் பொய்யாக எழுதக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மாலைக்குள் மூன்று கேட்ட இடத்தில் பதினாறு வந்துவிட்டது.

வரலாற்றுத் துறைப் பேராசிரியை எழுதியிருந்தார்: 'குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. மற்றக் கட்டடத்தார் கூடும்போது எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.' நூலகர்: 'கழிவறை எப்போதும் வேலை செய்கிறது. இடைவேளையிலிருந்து தாமதமாக வரக் காரணம் சொல்ல முடியவில்லை.' வேதியியல் ஆய்வு மாணவன் ஒருவன்: 'விடுதிக் குழாயடியில் நான் தண்ணீருக்குக் காத்து நின்றபோதுதான் ஒரு பெண் என்னிடம் பேசினாள். ஆய்வகத்தில் காத்து நிற்க வழியே இல்லை. என் எதிர்காலத்தை யோசிக்கவும்.'

பதினாறையும் அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். மறுபடி மனம் நொந்துவிடுவாரோ என்று பயம். அவர் சிரிக்கவில்லை. விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து வரை படித்தார். மாணவனுடையதை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடமிருந்து பேனாவை வாங்கி, 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற இடத்தில், பதினாறிலும், தன் கையாலேயே ஒரே பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'வருந்துகிறேன். இனியும் இப்படித்தான் இருக்கும்.'